கோட்டுப் போட்ட அப்பா

எங்கள் வீட்டில் அப்பா சுவரில்தான் இருந்தார். கறுப்புக் கோட்டு, அடர்ந்த மீசை, பக்கத்தில் ஒரு பூச்சாடி. நான் பிறப்பதற்கு முன்பே சிங்கப்பூர்த் துறைமுக வேலைக்குக் கப்பலேறியவர், அங்கிருந்து அனுப்பிய படம் அது. ஆறு வயதில் அம்மாவோடு நானும் போய் இறங்கியபோது, எங்களை அழைத்துப்போக வந்தவருக்குக் கோட்டும் இல்லை, மீசையும் இல்லை, முன்தலையில் முடியும் குறைவு. அம்மா எப்படி இவரை நம்பித் தேக்கா வட்டாரத்துக்குக் குடிவந்தாள் என்று எனக்கு ஒரே கவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினார். பஸ்ஸிலும் கடற்கரையிலும் என் கையை விடவே இல்லை. பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிக் கப்பலில் நிறையக் கேட்டிருந்தேன். அவர் வாங்கித் தந்த ஐஸ் உருண்டையைக்கூடப் பயந்து பயந்துதான் சப்பினேன்.

அரும்பொருளகத்துக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். செத்த பிராணிகளை வைத்திருக்கும் இடத்துக்குள் போனால் தலை முழுக வேண்டும் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் அவரோடு தனியாக உள்ளே போக வேண்டியதாயிற்று. தலைக்கு மேல் பெரிய திமிங்கில எலும்புக்கூடு தொங்கியது. அதை அண்ணாந்து பார்த்து அவர் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, கையை உருவிக்கொண்டு ஓடினேன். அவர் ஓடிவந்து பிடித்தார். நான் கத்தி ஊரைக் கூட்டிவிட்டேன்.

தமிழ்க் காவலாளி ஒருவர் வந்து, "பாப்பா, இவரு உங்க அப்பாவா?" என்று கேட்டார்.

"இல்ல. எங்கப்பா கோட்டுப் போட்டிருப்பாரு."

என்னைப் பிடித்திருந்தவர் முகம் செத்துவிட்டது. வாசல் பக்கம் கையைக் காட்டினார். காவலாளி எங்களை அம்மாவிடம் கூட்டிப்போனார்.

"இவரு யாரும்மா? பேரச் சொல்லுங்க."

அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் இவரைத் தெரியாது என்று நான் நடுங்கிப்போனேன். காவலாளியோ சிரித்துவிட்டார்.

"பேரச் சொல்ல மாட்டேங்கிறாங்கன்னா புருஷன்தான்லா. கூட்டிட்டுப் போங்கண்ணே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேர்த்துக் கொட்டும் வெயிலில், யாரிடமோ இரவல் வாங்கிய தொளதொளக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். மீசையும் லேசாக முளைத்திருந்தது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, அப்பா வந்துட்டாரு."

அம்மா ஏன் அழுதாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. நல்ல சேதிதானே சொன்னேன்.