வெள்ளிக்கிழமை வந்த ஞாயிறு

உபதேசியார் வேலைக்கு முதலில் வேண்டியது விசுவாசம் என்பார்கள். தோல் நாறும் ஆம்பூர்ப் பக்கம் வந்து பாருங்கள், முதலில் வேண்டியது மூக்கடைப்பு. இந்த வேலையில் கால் தேய்ந்த அண்ணன்மாரே, உங்களுக்குத் தெரியாததா?

நானும் ஒரு நாயும்

வந்த முதல் ஞாயிறு, மணியடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். ஜெபவீட்டில் நானும் ஒரு நாயும். சபையார் அத்தனை பேரும் தோல் பதனிடும் ஷாப்பில் வேலையில் இருந்தார்கள். முதலாளி சாயபு, அங்கே லீவு வெள்ளிக்கிழமைதான்.

சாயங்காலம் தேவசகாயத்தைப் பிடித்தேன். சுண்ணாம்புக் குழியில் தோல் இழுக்கிறவன், வெண்கலக் குரல். "ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டாமாப்பா?" என்றேன்.

"ஆசரிக்கலாங்கய்யா. நீங்க வெள்ளிக்கெழம மணியடிங்க."

ஜோராப் பாடுங்க

அடித்தேன், வேறென்ன செய்ய! வெள்ளிக்கிழமை உட்கார இடமில்லை. தேவனுடைய வல்லமையை இவர்கள் பாட ஆரம்பித்தால் கூரை ஓடு ஆடும். சரியாக அந்த நேரம்தான் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை. சாயபுவே நேரில் வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று பயந்தேன்.

"தொழுகை முடியட்டும் உபதேசி, அப்புறம் ஜோராப் பாடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கூப்ட்டா ஆண்டவனுக்கே பேஜாரு."

துரையின் உத்தரவு

யாரோ புண்ணியவான் மிஷன் துரையிடம் வத்தி வைத்தான். ஞாயிறு வருவேன், சபை கூடாவிட்டால் ஜெபவீட்டைப் பூட்டி உம்மை அணைக்கட்டு ஊருக்கு மாற்றுவேன் என்று சொல்லியனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒரு நாள் லீவு போடச் சொல்லித் தேவசகாயத்தைக் கெஞ்சினேன்.

"லீவு போட்டா வேல போய்டும். தொரைய இங்க கூட்டியாங்க, பாத்துக்கலாம்."

சுண்ணாம்புக் குழியில்

ஞாயிறு துரையை ஷாப்புக்கே கூட்டிப் போனேன். வாசலிலேயே துரையின் கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. குழிக்குள் முழங்கால்வரை நின்ற தேவசகாயம் எங்களைப் பார்த்ததும், "பரிசுத்தர், பரிசுத்தர்" என்று பாட்டெடுத்தான். ஷாப்பே சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு "பரிசுத்தர்" என்பதற்கும் ஒரு தோல் மேலே வந்தது. ஒருத்தனும் கையை நிறுத்தவில்லை.

"இந்த இடத்திலா பரிசுத்தரைப் பாடுகிறீர்கள்?" என்றார் துரை.

"வேற எங்க பாடறது தொரை? ஞாயித்துக்கெழம நாங்க இருக்கிறது இங்கதான்" என்றான் தேவசகாயம்.

துரை தொப்பியைக் கழற்றினார், கைக்குட்டையைப் பையில் போட்டார், கடைசிச் சரணத்தைக் கூடவே பாடினார். வாசலுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமையே மணி அடியும்."

ஜெபவீடு பூட்டப்படவில்லை, நானும் மாற்றப்படவில்லை, என் மூக்கு மட்டும் இன்றுவரை மனந்திரும்பவில்லை.