குழாயடி நாற்றங்கால்

என் மாமனார் பேத்தமங்களா ஏரிக்குக் கீழே நெல் போட்டவர். அறுவடை முடிந்தால் மகளுக்கென்று ஒரு மூட்டை அரிசி கோரமண்டல் தங்கச் சுரங்கத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு வந்துவிடும். நான் சுரங்கத்தில் ஷிப்டு முடித்து வந்து அந்தச் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, குடும்பமே என் சம்பாத்தியத்தில் நடப்பதாக மீசையை முறுக்கிக்கொள்வேன்.

தண்ணீர்தான் எங்களுக்கு வாய்க்கவில்லை. கலங்கிய குட்டைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்துப் பேதியில் கிடந்தோம். மாமனார் ஊர் ஏரித் தண்ணீரையே சுரங்கக்காரர்கள் குழாயில் கொண்டுவந்த அன்று லைனே கூடிச் சூடம் கொளுத்தியது. தேங்காய் உடைத்தவன் நான்தான்.

“உங்கப்பா இந்த வருசம் அரிசிக்குப் பதிலா ஏரியவே அனுப்பிட்டாரு” என்று மனைவியைச் சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருடம் மழையும் குறைவு. இருக்கும் தண்ணீர் சுரங்கத்துக்கே பற்றாது, யாரும் நெல் போடக் கூடாது என்று ஏரிக்கரை ஊரில் தமுக்கடித்துவிட்டார்கள். மதகு திறக்கவேயில்லை. மாமனார் காத்திருந்து பார்த்துவிட்டு, விதைநெல்லைச் சிறு மூட்டையாகக் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார்.

“வாங்க மாமா” என்றேன்.

“இன்னா மாப்ளே, எங்க ஏரி சௌக்கியமா?” என்றார்.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்த தண்ணீர் தெருவில் ஓடுவதைப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது. விதையும் இன்னொரு வருடம் தாங்காது. மண்ணைக் கீறி அந்தத் தண்ணீரைத் திருப்பி, கோணி அகலத்துக்கு ஒரு பாத்தி கட்டி, ஒரு பிடி விதையைத் தெளித்தார். பச்சை தலைகாட்டியதும் குழந்தையைப்போல் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

குழாய்க் காவல்காரரும் பார்த்தார். வரப்பைக் காலால் இடித்துத் தள்ளினார்.

“இது ஜனங்க குடிக்கிற தண்ணி பெரியவரே. பயிருக்கு வுட்டா நான்தான் பதில் சொல்லணும்.”

மாமனார் வீட்டுக்கு வந்து, மீதி மூட்டையை மகளிடம் கொடுத்தார்.

“குத்தி ஆக்கிடும்மா.”

“விதைநெல்லுப்பா!”

“விதைக்க எங்க போறது?”

அவள் அழுதுகொண்டே குத்தினாள். உலைக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தவன் நான். அரிசியும் அவருடையது, தண்ணீரும் அவருடையது. ஆனாலும் “கூச்சப்படாம சாப்டுங்க மாமா” என்று நான் உபசாரம் செய்தேன்.

மறுநாள் அவருக்கும் வேலை கேட்டு அழைத்துப் போனேன். வயதைப் பார்த்து, பாறை உடைக்க வேண்டாமென்று இரக்கப்பட்டார்கள். சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை வாரி வெளியேற்றும் வேலையைக் கொடுத்தார்கள்.