பின்னறைச் சுவரில் எண்பது வாட்

கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்புக்கு மின்னோட்டப் பாடம் எடுத்து எடுத்து எனக்கே அலுத்துவிட்டது. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிள்ளைகள், "மிஸ், நேத்து எங்க ஊட்ல கரண்ட் கம்மியா வந்துச்சு" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வோல்டேஜ் கம்மின்னு சொல்லு. கரண்ட் வேற, வோல்டேஜ் வேற" என்று கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகும். எங்கள் பக்கத்தில் ஒயரில் வருவது எதுவானாலும் கரண்டுதான்.

அப்படிப்பட்ட நானே ஒருநாள் கரண்ட் ஆபீஸில் போய் நின்று, "எங்க ஊட்ல கரண்ட் கம்மியா வருதுங்க" என்றேன். பாடம் நடத்தும் தெம்பு அன்று எனக்கு இல்லை.

நான் பாவா என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் விசைத்தறியில் நின்றே ஆயுளைக் கழித்தவர். நுரையீரல் கெட்டுப்போய், இப்போது ஆக்சிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. கோயில் மலைக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. அவர் இருமலில் எனக்குத் தூக்கமே இல்லை என்று, நான்தான் அவரை முன்னறையிலிருந்து பின்னறைக்கு மாற்றினேன். அடுத்த வாரத்திலிருந்து மெஷின் திடீர் திடீரென்று கீச்சென்று கத்திவிட்டு நின்றது. நின்றால் அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுப்பார். நான் ஓடிப்போய் மூலையில் இருக்கும் சிலிண்டரைத் திறக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தால் அவரே எழுந்துபோய்த் திறக்க வேண்டும்.

அதே வாரம் எதிர்த் தறிக்கூடத்தில் புதுத் தறிகள் இறக்கியிருந்தார்கள். பழியைத் தூக்கி அங்கே போட்டேன். இவர்கள் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று வயிறு எரிந்தது.

லைன்மேன் மூன்று தடவை வந்தார். வந்த மூன்று தடவையும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் மீட்டரைச் செருகி அளந்தார். இருநூற்று இருபத்தாறு. "டீச்சர், கரண்ட் நல்லாத்தான் வந்துகினு கீதுங்க" என்றார்.

"நீங்க வர்ற நேரம் மட்டும் நல்லா வருதா? நாங்க என்ன பொய்யா சொல்றோம்?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அந்த மாதக் கிருத்திகை அன்று மலைக்கோயில் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. பாதியில் இறங்கி, வெயிலில் நடந்தே வீட்டுக்குத் திரும்பினேன். மெஷின் நின்றிருந்தது. அவர் கட்டிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தரையில் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. எப்படிச் சிலிண்டரைத் திறந்தேன், எப்படி மூக்கில் குழாயை வைத்தேன் என்று இன்றும் நினைவில்லை. அவர் கண் திறந்து, "ஸ்கூலு இல்லியா?" என்று கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அழுது முடித்ததும் நேராகத் தறிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். அந்த முதலாளி பொறுமைசாலி. எல்லாத் தறியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வோல்டேஜும் கரண்டும் அளக்கிற கிளாம்ப் மீட்டரை என் கையில் கொடுத்தார். "எங்க மேல சந்தேகம்னா நீங்களே அளந்து பாருங்க மேடம். அதுவரைக்கும் ஒரு தறியும் ஓடாது."

தெருவே அமைதியாக இருந்தது. மெஷினை ஓடவிட்டு, ஓடும்போதே பக்கத்துத் துளையில் அளந்தேன். நூற்று எண்பத்தொன்று. வாசலில் மெயின் போர்டில் அளந்தேன். இருநூற்று இருபத்தாறு. நாற்பத்தைந்து வோல்ட் என் வீட்டுக்குள்ளேயே காணாமல் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் மெஷின் கத்திவிட்டு நின்றுவிடும். மெஷினுக்குப் போகும் ஒற்றை ஒயரைக் கிளாம்பில் கவ்வவிட்டேன். ஒன்று புள்ளி எட்டு ஆம்பியர். நாற்பத்தைந்தை ஒன்று புள்ளி எட்டால் வகுத்தால் இருபத்தைந்து ஓம். வீட்டு ஒயரில் ஒரு ஓம் இருந்தாலே அதிகம். பெருக்கினால் எண்பத்தொரு வாட். என் வீட்டுச் சுவருக்குள் எங்கேயோ எண்பது வாட் சூடாக எரிந்துகொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாத ஒயரில் வோல்டேஜ் இறங்காது. லைன்மேன் அளந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இதைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவளும் நான். அந்த நேரம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பின்னறைக்கு ஒயர் போகிற வழியில் நின்ற பீரோவை நகர்த்திச் சுவரைத் தொட்டேன். இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது. அங்கிருந்த ஜாயின்ட் பெட்டியைத் திறந்தால், ஒயர்கள் சேருமிடத்தில் டேப் உருகி, முறுக்கிவிட்ட செம்பு கரியாகியிருந்தது. அவரை மாற்றுவதற்காகப் பின்னறைக்கு லைன் இழுத்தபோது எலக்ட்ரீஷியன், "போர்டுலேர்ந்து தனியா புது ஒயர் இழுத்துடலாம் டீச்சர்" என்றுதான் சொன்னார். பெயிண்ட் அடித்த சுவரை உடைக்கக் கூடாது, இருக்கிறதிலேயே முறுக்கி விடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றது நான்.

தூசி ஆகாதென்று என் வீட்டுக்காரரைச் சிலிண்டரோடு பக்கத்து வீட்டில் படுக்கவைத்தேன்; அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியன் சுவரை உடைத்துப் புது ஒயர் இழுத்தார். மெஷின் ஓடும்போது இருநூற்று இருபத்தைந்து காட்டியது. அதன்பிறகு அது நிற்கவில்லை. தறிக்கூடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். லைன்மேனிடமும் கேட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்கவில்லை. நாலைந்து நாள் கழித்து, பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவரே கட்டிலிலிருந்து கேட்டார். "கரண்ட் ஆபீஸ்ல சரி பண்ணிட்டாங்களா?"

"ஆங் பாவா. பண்ணிட்டாங்க."

"சும்மா பண்ணுவாங்களா? நீ உடாம போயி சண்ட போட்டே." குழாயைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னார். "உன்னாலதான் நான் உசுரோட கீறேன்."

நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.