மேற்கு மலைதான் வேண்டுமாம்

என் கணவர் வாசற்காவல் வேலை செய்யும் கட்டடத்தில் பதினாறு குடும்பங்கள் இருக்கின்றன. போன கார்த்திகையில் அவர்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு பரிசுப் பெட்டி கொடுத்தார்கள். பத்து வருடம் ஒருநாளும் பிந்தாமல் கதவு திறந்ததற்காகவாம். பெட்டிக்குள் ஒரு படப் புத்தகமும் ஒரு அட்டையும் இருந்தன. இரண்டு பேருக்கு, மூன்று இரவு, இத்தாலிக்குள் புத்தகத்தில் உள்ள எந்த விடுதியிலும் தங்கலாம். நான் முதலில் சந்தேகப்பட்டது அந்தப் பதினாறு குடும்பங்களையும்தான். சும்மா கிடந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய பரிசு தந்தால் அடுத்த மாதம் வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். நாட்கள் போயின. யாரும் யாரையும் நிறுத்தவில்லை.

இரண்டாவதாகச் சந்தேகப்பட்டது இவரை. அந்தச் சந்தேகம்தான் நிலைத்து நின்றது.

புத்தகத்தில் வெந்நீர்க் குளங்கள் இருந்தன. கடற்கரை விடுதிகள் இருந்தன. இவர் எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிட்டுப் பனிமலைப் பக்கத்தில் போய் நின்றார்.

“இஞ்சேரும், பனி சறுக்கப் போவம்.”

“ஆர் சறுக்கிறது?”

“நானும் நீரும்தான். வேறை ஆர்?”

விடுமுறை நாளில் மத்தியானம் வரை போர்வைக்குள் கிடக்கிற மனிதர் இவர். கோடையில் பத்து நிமிடப் பேருந்துத் தூரத்தில் கடல் இருக்கிறது. அதற்குக் கூட்டிப் போவதற்கே நான் ஒரு மாதம் கெஞ்ச வேண்டும். நாங்கள் இருக்கும் பலெர்மோவின் தை மாதக் குளிருக்கே, அது ஒரு குளிரா, காதை மூடிக் கம்பளித் தொப்பி போடுகிறவர். அவருக்குப் பனி வேண்டுமாம். “நானும் நீரும்” என்று ஒரே மூச்சில் சொன்னதையும் நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு மூக்கு வியர்த்தது.

என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பலெர்மோவில் எனக்கென்று இருப்பது இந்த மனிதர் ஒருவர்தான். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, “மூண்டு மாசத்திலை உம்மைக் கூப்பிடுவன்” என்று சொல்லிவிட்டு வன்னியிலிருந்து போனார். கூப்பிட ஆறு வருடம் ஆனது. நாங்கள் குடியிருக்கும் போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் மேல்வீட்டுப் பெண்ணின் கணவர் மூன்று நாள் கலியாண வீட்டுக்கென்று ஜெர்மனி போனார். நாலு வருடமாக அந்தக் கலியாணம் முடியவில்லை. எங்கள் ஆட்கள் நிரந்தரமாகப் போவதென்றாலும் மூன்று நாளென்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். இவருடைய அண்ணர் பாரிஸில் இருக்கிறார். கடை வைத்திருக்கிறார். “அங்கை கிடந்து கதவு திறக்கிறதுக்கு இஞ்சை வா” என்று எப்போதும் இழுத்துக்கொண்டிருப்பவர். கொஞ்ச நாளாக அவரிடமிருந்து தொலைபேசி வந்தால், நான் குசினிக்குள் நுழைந்ததும் இவர் “பிறகு எடுக்கிறன் அண்ணை” என்று வைத்துவிடுகிறார்.

கபோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும் எனக்கு இதே யோசனைதான்.

வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறேன். சிஞ்ஞோரா என்றுதான் அந்த அம்மாவைக் கூப்பிடுவேன்; இளமையில் பனி சறுக்கியவர். கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கையில் இருந்த பத்திரிகையின் ஓரத்தில் மலைகளை வரைந்து பாடமே எடுத்தார். நீலம் என்று குறித்த பாதை சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. சோடியாகப் போகிறவர்களுக்கு நீளமான, சாய்வு குறைந்த நீலப் பாதை வேண்டும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலம் வேண்டும். கடைசித் துண்டு செங்குத்தாக இருக்கக் கூடாது; சில இடங்களில் மேலே தொட்டில்போல இருந்துவிட்டு ஊருக்குக் கிட்ட வரும்போது காலை வாரிவிடும். முக்கியமாக, கணவன் மனைவிக்குப் பழக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரு பயிற்சிக்காரரிடம் போக வேண்டும், இல்லையென்றால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும் என்று சிரித்தார்.

“கிழக்கு மலைகளுக்குப் போங்கள்,” என்றார். “முதல்தரமாகப் பழகுகிறவர்களுக்கு அங்கே எனக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது. வெயிலும் படும்.”

அன்று பின்னேரம் பத்திரிகைத் துண்டை இவர் முன்னால் வைத்தேன். கிழக்கு என்றதும் பார்க்காமலே தள்ளினார்.

“கிழக்கு வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம் எண்டால் வேண்டாம்.”

“அப்ப எத்னாவிலையும் பனி கொட்டுதாம். பஸ்ஸிலையே போகலாம்.”

“அது நெருப்பு மலையெல்லோ. மேற்குக்குத்தான் போறது.”

மேற்கில் என்ன இருக்கிறது? பிரான்ஸ் இருக்கிறது.

அவர் குளிக்கப் போன நேரம் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். பார்த்தது பிழைதான், வெட்கமும் இல்லை. மலையின் படம் ஒன்று திறந்திருந்தது. நீலக் கோடு ஒன்று நெளிந்து நெளிந்து போய், ஒரு புள்ளிக்கோட்டைக் கடந்து மறுபக்கம் இறங்கியது. புள்ளிக்கோட்டுக்கு அப்பால் எழுதியிருந்த நாட்டின் பெயரை வாசிக்க எனக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. ஓட்டையைச் சரியாகத் தேடிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பொலிஸ் நிற்கிற சாலை இல்லை, ரயில் இல்லை. சறுக்கிக்கொண்டே அண்ணரின் மடியில் போய் விழலாம்.

ஏன் என்று நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வார், பொய் சொன்னால் நான் நம்புவேன் என்று பயந்தேன். அதனால் நானும் மலை தேடத் தொடங்கினேன். நாலு நாள் தேடி மேற்கிலேயே ஒரு பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்தேன். நீலப் பாதை அதைவிட நீளம். அகலமும் சிஞ்ஞோரா சொன்னதுபோல. பள்ளத்தாக்கின் முடிவில் பெரிய பாறை, அதைத் தாண்டி எந்த நாட்டுக்கும் வழியில்லை.

“இதைப் பாருங்கோ. சோடியாப் போறவைக்கு இதுதான் திறமாம்.”

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பக்கம் முழுக்க நிழல். உமக்குக் கால் விறைச்சுப் போகும். என்ரை இடம்தான் சரி.”

சாட்டுக்கு என்னுடைய காலை இழுத்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவருடைய இடத்தையே பதிவு செய்தார்.

எங்கள் வீட்டில் ஆவணங்கள் என் பொறுப்பு. வன்னியில் இடம்பெயர்ந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி பொலித்தீன் பையில் பிறப்புச் சான்றிதழும் கலியாணப் பதிவும் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு ஓடினாள். எங்கள் வீட்டில் அது நான். பலெர்மோவிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. கெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் வரிசை நிற்பதற்கும், இருவரின் பெர்மெஸோ, அதுதான் வதிவிட அட்டை, புதுப்பிப்பதற்கும் நான்தான். அலுமாரியின் கீழ்த்தட்டில் அந்தப் பை இருக்கும். இவர் அதைத் தொடவே மாட்டார். வெளிக்கிடுவதற்கு முதல்நாள் மத்தியானம் அதைத் திறந்து தன் கடவுச்சீட்டையும் பெர்மெஸோவையும் எடுத்து, இழுத்து மூடும் சிப் வைத்த சின்ன உறையில் போட்டு, குளிர்ச் சட்டையின் உட்பொக்கெற்றில் வைத்தார். இத்தாலிக்குள் விமானம் ஏற நகரசபை தந்த அடையாள அட்டை போதும். அதில் வெளிநாட்டுக்குச் செல்லாது என்று எழுதியும் இருக்கிறது. பிறகு கடவுச்சீட்டு எதற்கு?

அவர் சவரம் செய்யும்போது உறையைத் திறந்தேன். கடவுச்சீட்டையும் பெர்மெஸோவையும் எடுத்து அரிசி வாளிக்குள் ஆழமாகப் புதைத்தேன். உறை வெறுமையாகத் தெரியக்கூடாதென்று ரைஸ் குக்கருக்கு வந்த உத்தரவாதப் புத்தகத்தை உள்ளே வைத்தேன். அளவு கச்சிதமாக இருந்தது. என்னுடையவற்றை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மலையில் முதல் இரண்டு நாளும் விழுந்ததுதான். சப்பாத்து இரும்புபோல. சறுக்குப் பலகைகளின் நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து குதியை அகட்டினால் நிற்கலாம் என்று பயிற்சிக்காரி ஐம்பது தரம் சொன்னாள். எனக்குக் கால் ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம். இவர் விழுந்து எழும்பும்போதெல்லாம் சட்டையின் இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தார், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பயிற்சிக்காரி எங்களை அந்த நீண்ட நீலப் பாதைக்குக் கூட்டிப்போனாள். எங்களோடு இன்னும் இரண்டு சோடிகள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாதை. அகலம், வெயில், சாய்வே தெரியாத சாய்வு. பாதிவழியில் ஓரமாக ஒரு கம்பமும் அறிவிப்புப் பலகையும் நின்றன. இந்தப் பக்கம் இத்தாலி, அந்தப் பக்கம் பிரான்ஸ். கம்பி இல்லை, காவல் இல்லை. பயிற்சிக்காரியும் மற்றவர்களும் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போனார்கள்.

இவர் கம்பத்துக்கு முன்னால் நின்றார். நானும் எப்படியோ நின்றேன்.

“கொஞ்சம் நில்லும். பாஸ்போட்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ரெண்டு பேரும் இதிலை ஒரு படம் எடுப்பம்,” என்றார். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். “நான் இத்தாலிக்கு வந்தது இதைப்போல ஒரு பனி மலையாலைதான். கிழக்குப் பக்கம். இருட்டுக்குள்ளை குனிஞ்சு குனிஞ்சு வந்தனாங்கள். நாய் குலைச்சால் பனிக்குள்ளை படுத்திடோணும். எல்லை எண்டு ஒண்டை நான் கண்ணாலை கண்டதே இல்லை. ஒருக்காலாவது பகலிலை, பேப்பரோடை, உம்மோடை நிமிந்து தாண்டோணும் எண்டு எனக்கு ஆசை. அண்ணைதான் இந்த இடத்தை விசாரிச்சுச் சொன்னவர். உமக்குச் சொல்லாமல் வச்சிருந்தனான்.”

வந்த வழியைப் பற்றி அவர் என்னிடம் வாய்திறந்தது அதுதான் முதல்தரம். சிரித்துக்கொண்டே சொன்னார். கை அதற்குள் பொக்கெற்றுக்குள் போய்விட்டது. அவர் உறையைத் திறக்குமுன் நான் சொல்லியிருக்க வேண்டும்.

ரைஸ் குக்கர் புத்தகத்தை வெளியே எடுத்தார். புரியாமல் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், நடுவில் எங்காவது கடவுச்சீட்டு இருக்கும் என்பதுபோல. மற்றப் பொக்கெற்றுகளைத் தட்டினார். பிறகு நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

“விழுந்திட்டுது போல. மேலை எங்கையோ விழுந்திட்டுது.”

“விழேல்லை,” என்றேன். “வீட்டிலை கிடக்கு. நான்தான் எடுத்தனான்.”

“ஏன்?”

“நீங்கள் அண்ணரிட்டைப் போயிடுவியள் எண்டு.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, அழுது, முடித்திருப்பேன். புத்தகத்தை உறைக்குள் திருப்பி வைத்து, சிப்பை மெதுவாக இழுத்து மூடினார்.

“பேப்பர் இல்லாமல் இனி ஒரு எல்லையும் தாண்டுறேல்லை எண்டு அப்பவே முடிவெடுத்தனான்,” என்றார். “உம்மட்டை இருக்குத்தானே. நீர் போய்ப் பாத்திட்டு வாரும். நான் இதிலை நிக்கிறன்.”

அவருடைய கையைப் பிடிக்கத் திரும்பினேன். திரும்பியதுதான் பிழை. காலின் கீழே பலகைகள் நகரத் தொடங்கின. குதியை அகட்ட மறந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு குழந்தை நடந்து வரக்கூடிய வேகம்தான், ஆனால் நிற்க முடியவில்லை. கம்பத்தைத் தாண்டினேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சின்னதாகிக்கொண்டு போனார். அவரைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, கடைசியில் விட்டுவிட்டுப் போகிறவள் நானாக இருந்தேன். கொஞ்சத் தூரத்தில் கால் பின்னிக் குப்புற விழுந்தேன். முழங்காலில் ஏதோ முறுகியது. என்னையறியாமல் அலறிவிட்டேன்.

“எழும்பாதையும்!” என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. “காலை அசைக்காதையும்!”

“வராதேங்கோ!” என்று நானும் கத்தினேன். “நான் எழும்பி வாறன், நீங்கள் அங்கையே நில்லுங்கோ!”

மனதாரத்தான் கத்தினேன். எழும்பவும் பார்த்தேன். பலகை வழுக்கி மறுபடியும் விழுந்தேன்.

அவர் பலகைகளைக் கழற்றிப் பனியில் குத்தி வைத்தார். கம்பத்தைப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார். நல்ல வெயில். குடும்பம் குடும்பமாக ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் மட்டும் முதுகை வளைத்து, தலையைத் தோளுக்குள் இழுத்து, குனிந்து குனிந்து வந்தார். தான் குனிந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

கிட்ட வந்து என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். “என்னை மன்னியுங்கோ,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெதியா வாரும்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “ஆரும் காணுறதுக்கிடையிலை கம்பத்துக்கு அங்காலை போயிடுவம்.”