திரும்பி வந்த கரும்பு

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மெட்ராஸிலிருந்து கும்மிடிப்பூண்டி திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, நான்கு நாள் தாடி. முழங்கால்களுக்கு நடுவே மஞ்சள் கொத்து கட்டிய ஒரு ஜோடிக் கரும்பு. பஸ் குலுங்கும்போதெல்லாம் தோகை முறிந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். முன்சீட்டில் அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் துவண்டு கிடந்தார்கள்.

“நம்ம பக்கம் கரும்பே கெடைக்கலையா? மெட்ராஸ்லேர்ந்து தூக்கினு வரீங்க?” என்றேன்.

“இங்கேர்ந்துதான் சார் எட்துக்கினு போனேன். பெரம்பூர்ல அக்கா கீது. அதுக்குப் பொங்க சீரு. அப்டியே பசங்களுக்குப் பொருட்காட்சியும் காட்டிடலாம்னு மொதல்ல அங்க பூட்டோம். கரும்போட உள்ள உடமாட்டேன்னுட்டாங்க. இவங்கள அனுப்பிட்டு நான் வெளியவே நின்னேன். ராட்டினம் சுத்திட்டு சின்னதுக்கு ஒரே வாந்தி. அப்பறம் எங்க அக்கா ஊட்டுக்குப் போறது?”

“நாளைக்குப் போய்க் குடுத்துடுங்களேன்.”

“நாளைக்கு ஷிப்டு சார். பொங்கலன்னிக்குக் குடுத்தா அது சீரா? இன்னிக்கு வரோம்னு அக்கா சமைச்சு வச்சிக்கினு வாசல்லயே குந்தினு இருக்கும்.”

சோழவரத்தில் இறங்கினார்கள். மனைவி சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியதைக் கையில் பிடித்தபடி ஊருக்குள் நடந்தாள். அவர் போகவில்லை. ரோட்டைக் கடந்து, மெட்ராஸ் பஸ் நிற்கும் பக்கம் போய் நின்று, மறுபடியும் தோகையைத் தடவிப் பார்த்தார்.

எனக்கும் மூலக்கடையில் ஒரு அக்கா உண்டு. சற்று முன் அந்த ஸ்டாப்பில் பஸ் நின்றபோது, நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.