பிரிஸ்கில்லா டயர் வாங்குகிறார்

எச்சில் தொட்ட கட்டைவிரலால் டயரின் பக்கவாட்டைத் தேய்த்து, விரலை முகர்ந்து பார்க்கிறார் பிரிஸ்கில்லா. "பாலிஷு. தூக்கி அங்கிட்டு வை." நாகல் நகரில் இது மூன்றாவது கடை. வெள்ளோடு ஊரில் பன்னீர் திராட்சைத் தோட்டம் போடுகிறவர். மருந்தடித்த வாசனை போகாத காட்டன் சேலை, ஆண்கள் போடும் செருப்பு. வாசலில் நிற்கிறது அவருடைய கார். கூரை கிடையாது, இரண்டே பேர்தான் உட்காரலாம், அறுபதுகளில் வந்த பச்சை ஸ்போர்ட்ஸ் கார். கொடைக்கானல் எஸ்டேட்காரர் ஒருவர் கழித்துக்கட்டியதை வாங்கி, தானே ஓட்டுகிறார்.

கடைக்காரர் முருகேசன் என்னைப் பார்த்தே பேசினார். "சார், இந்தக் கம்பி வீலக் கழத்திட்டு அலாய் போட்ருவோம். டயரும் அகலமா வரும். கெத்தா இருக்கும் சார்." எனக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது. பக்கத்து வீடு என்பதால் துணைக்குப் போனவன். வண்டிக்குச் சொந்தக்காரர் குத்துக்கல்லாட்டம் நிற்கும்போது என்னிடம் என்ன பேச்சு? எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"என்னையப் பாத்துப் பேசு அப்பு, ஓட்டுறது நானு. அகல டயரப் போட்டா வளைவுல ஒடிக்கையில மட்கார்டுல உரசும். கம்பி வீலு, ஒல்லி டயரு, உள்ள டியூப்பு. அம்புட்டுத்தான். கெத்த நீ வச்சுக்க."

பிரிஸ்கில்லாவின் கோபம் சும்மா வந்ததல்ல. அந்த அளவு ஒல்லி டயரை இப்போது யாரும் கேட்பதில்லை. வந்த சரக்கு வருஷக்கணக்கில் குடோனில் கிடக்கும். ரப்பர் இறுகிப் போயிருந்தாலும் பாலிஷ் போட்டால் புது மாப்பிள்ளையாக மின்னும். தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு எண்களாக டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். போன வருஷம் வெளியூர்க் கடைக்காரன் ஒருவன் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டான். மலையிறக்கத்தில் முன் டயர் வெடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை அமலராணியின் முழங்கை நொறுங்கிப்போனது. அன்றிலிருந்து தங்கை அந்தக் காரில் ஏறுவதில்லை. கோயிலுக்கோ சந்தைக்கோ சேர்ந்தே போன அக்கா தங்கை. இப்போது தங்கை பஸ்ஸில் போகிறார், அந்த இருக்கையில் திராட்சைப் பெட்டி போகிறது.

"நெசமான புது டயரு போட்டாத்தான் ஏறுவேங்கிறா. அவ சொல்றதுல என்ன தப்பு?"

குடோனிலிருந்து நான்கு டயர்கள் வந்தன. பிரிஸ்கில்லா தரையில் மண்டியிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்று இந்த வருஷத்தவை. நான்காவது எட்டு வருஷப் பழசு.

"அதப் பின்னாடி போட்டுக்கலாம்க்கா, ஒன்னும் ஆகாது" என்றார் முருகேசன்.

"வேற வரவழைச்சுக் குடு. இத என்ன செய்வ?"

"ஒட்டன்சத்திரத்துல ஒருத்தர் இதே மாதிரி பழைய வண்டி வச்சிருக்காரு. அவருக்குத் தள்ளிவிட்ருவேன்."

"அவரு வண்டியில யாரு யாரு போவாக?"

முருகேசன் சிரித்தார். "அது நமக்கெதுக்குக்கா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஓர் அறை விடத் தோன்றியது. பிரிஸ்கில்லா அந்த டயருக்கும் சேர்த்துப் பணத்தை மேசைமேல் வைத்தார். கடைக்குள் தானே போய் இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்தார். டயரை வாசலில் கிடத்தி, ஒரு காலை அதன்மேல் ஊன்றி அறுக்கத் தொடங்கினார். ரப்பர் லேசில் விடவில்லை. ஆட்டோக்காரர்கள் நிறுத்திப் பார்த்தார்கள்.

"அக்கா, அறுத்தது போதும்க்கா. இனிமே அத யாரும் வாங்க மாட்டாக" என்றார் முருகேசன்.

பிரிஸ்கில்லா நிமிரவில்லை. டயரைப் புரட்டிப் போட்டு, மறுபக்கத்திலும் ரம்பத்தை வைத்தார்.