மதராசி கேம்ப்: ஒரு சொல்லை விசாரிக்கப் போன பயணம்

சொற்களின் பூர்வீகத்தைப் பற்றி இந்த வலைப்பக்கத்தில் அவ்வப்போது எழுதுவேன். அப்படி ஒரு பதிவின் கீழே டெல்லியிலிருந்து பரமேஸ்வரி என்ற வாசகி கேட்டிருந்தார்: “எங்க ஏரியா பேரு மதராசி கேம்ப். கேம்ப்னா கொஞ்ச நாள் தங்குற இடமாமே. நான் இங்கயே பொறந்தவ. இந்தப் பேரு எப்படி வந்துச்சு?” பிறகு போனில் பேசினோம். வந்து பாருங்கள் என்றார். குளிர் முடியட்டும், வெயில் இறங்கட்டும் என்று தேதி தள்ளிப்போனது. 2025 கோடையில் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். இருந்தாலும் வாங்க என்றார். இந்தப் பிப்ரவரியில்தான் போக முடிந்தது.

நிஜாமுதீன் ரயில் நிலையத்திலிருந்து ஜங்புராவுக்கு ஆட்டோவில் எழுபது ரூபாய். பாராபுல்லா சாக்கடை ஓரமாக நடந்தால் இடம் வந்துவிடுகிறது. இடிபாடுகளை அள்ளியபின் மிஞ்சிய மேடுபள்ளம்; நடுவே யாரோ வீட்டுச் சமையலறையின் நீல ஓடுகள் சில. நாற்றம் மட்டும் பழையபடி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க எனக்குக் காரணம் இல்லை.

பரமேஸ்வரிக்கு டெல்லியின் வடகோடியில், நரேலாவில் மாற்று வீடு கிடைத்திருந்தது. ஜங்புரா மெட்ரோவில் ஏறி, சென்ட்ரல் செக்ரடேரியட்டில் மாறி, சமய்பூர் பாத்லியில் இறங்கவேண்டும். ஐம்பத்து நான்கு ரூபாய். அங்கிருந்து பேருந்து. எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆனது. பெண்களுக்குப் பேருந்து இலவசம். நேரம் என்னவோ எல்லாருக்கும் ஒன்றுதான்.

மூன்றாவது மாடி. கணவர் ஏழுமலை கதவைத் திறந்தார். தேங்காய்ச் சட்னியோடு இட்லி வைத்துவிட்டு, பரமேஸ்வரி எதிரே உட்கார்ந்தார். கேம்பில் பக்கத்து வீட்டிலேயே இருந்த தன் தம்பி குமாருக்கு வீடு கிடைக்கவில்லையாம். காகிதம் போதாது என்றார்களாம். திருவிழாவுக்கு மட்டுமே போய்வந்த விழுப்புரம் பக்கத்துக்கு, டெல்லியில் பிறந்த அவன் மூட்டை கட்டிப் போய்விட்டான். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராததால் அங்கே பள்ளியில் திணறுகிறார்களாம்.

பிறகு, “அந்தப் பேரைப் பத்திச் சொல்லுங்கண்ணா” என்றார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். லத்தீனில் ‘கேம்பஸ்’ என்றால் திறந்தவெளி, மைதானம். அங்கே படைகள் கூடிப் பயிற்சி எடுத்தன. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு ‘கேம்ப்’ ஆக வந்தபோது கூடாரம் அடித்துத் தங்கும் இடமாகிவிட்டது. கல்லூரி வளாகத்துக்குச் சொல்லும் கேம்பஸும் அதே சொல்தான். எங்கள் வீட்டில், அப்பா ஆபீஸ் வேலையாக வெளியூர் போனால் ‘கேம்ப்’ போயிருக்கிறார் என்போம். திரும்பி வந்துவிடுவார் என்று அர்த்தம். நாம் சொல்லும் முகாம் அரபியிலிருந்து வந்தது. அதற்கு இடம் என்றுதான் பொருள்.

“முகாம்னா ஹிந்தியில போய்ச் சேர்ற இடம்கூட,” என்றார் ஏழுமலை.

பரமேஸ்வரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. “நம்ம இடத்துக்கும் சரோஜினி நகர், கிட்வாய் நகர் மாதிரி ஏதோ ஒரு நகர்னு பேரு வச்சிருந்தா விட்டிருப்பாங்களோ?”

நான் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அந்தப் பழைய கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். ஆனால் அங்கே இருந்த அரசு ஊழியர்களுக்கு வேறு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. யாரும் தம்பியைப் பிரியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பரமேஸ்வரி என் தட்டில் இன்னோர் இட்லி வைத்தார். “அச்சா. அப்ப பேருல ஒண்ணும் இல்ல.”

“இல்லம்மா.”

“அது இன்னும் கஷ்டமா இருக்கு. பேருதான்னா மாத்தியிருக்கலாம்.”

இத்தனை வருடம் சொற்களுக்கு வேர் தேடியவனுக்கு, அந்த வேரை எடுத்துக்கொண்டு வந்து ஒருவர் எதிரே வைத்தால் என்ன ஆகும் என்பது அன்றுதான் உறைத்தது. இட்லி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஜங்புராவில் பார்க்க இனி எதுவும் இல்லை, நேராக நரேலாவுக்கே போங்கள். காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். யாரையாவது பார்க்கவேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். பரமேஸ்வரி வீட்டுவேலை செய்யும் இடங்கள் இன்னும் ஜங்புராவில்தான். தினமும் போய்வரக் கட்டுப்படியாகாமல், ஜங்புராவை ஒட்டிய போகல் என்ற பகுதியில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கிக்கொள்கிறார். அரசாங்கம் கொடுத்த வீட்டில் அவர் தூங்குவது வாரத்தில் ஒரு ராத்திரிதான்.